டாஸ்மேனியா மேற்குக் கரைக்கு அப்பாவோட போகணும், யாராச்சும் போயிருக்கீங்களா?

தோட்டத்துப்பொண்ணு, பந்திங்:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல, என் தம்பி ஆஸ்திரேலியாவுல, டாஸ்மேனியா லான்செஸ்டன்ல படிக்கிறான், வர்ற ஜனவரில அப்பாவ கூட்டிட்டு வாங்கன்னு ஒரே பிடிவாதமா நிக்கிறான். அப்பாவுக்கு 69 வயசு, இது வரைக்கும் பிளேன் ஏறுனதில்ல, 40 வருஷத்துக்கு மேல தோட்டத்துலயே ஓடிப்போச்சு, மொதல்ல பால்மரம் அப்புறம் செம்பனை. முட்டி வலி இருக்கு ஆனா நடக்காம உக்காரச் சொன்னாத்தான் கோவம் வரும்.

ஊர் சுத்துறது மட்டும்னா நான் இங்க எழுதியிருக்க மாட்டேன். தம்பி வீடியோ கால்ல ஒரு கடற்கரைய காட்டுனான், மேற்குக் கரையில தக்கைனான்னு ஒரு இடம், மேப்ல டார்கைன்னு போட்டிருக்கு. பாறையெல்லாம் ஆரஞ்சு கலர்ல பூத்துக் கெடக்கு, முழு முழு மரம் அலையில வந்து ஒதுங்கி வெள்ளையா எலும்பு மாதிரி கெடக்கு, ஒரு மனுசன் இல்ல. அப்பா பாத்துட்டே இருந்தவரு திடீர்னு இங்க யாருடா குடியிருந்தாங்கன்னு கேட்டாரு. பலாவா மக்கள்னு அங்கத்த பூர்வகுடி, அவங்க சாப்ட்டு போட்ட சிப்பியெல்லாம் மேடு மேடா இன்னும் கரை ஓரமா இருக்கு, அதுக்கு மேலயே குடிசை போட்டு இருந்திருக்காங்க, அந்தக் குழி கூட தெரியும்னு தம்பி சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் நம்ம மேடு மாதிரியான்னு கேட்டாரு.

நம்ம மேடுன்னா எங்க தோட்டத்துல லயத்துக்குப் பின்னாடி ஆத்தோரமா இருந்த மேடு, தாத்தா பாட்டி எல்லாரையும் அங்கதான் பொதைச்சோம், ஒரு முனியாண்டி சாமியும் இருந்துச்சு. தோட்டத்த வித்து வீடுங்க கட்டித் தாமான் ஆக்குனப்ப சாமிய மட்டும் வேற எடத்துக்கு மாத்திக் கொடுத்தாங்க, மேடு இப்ப கார் நிறுத்துற எடம். அப்பா அந்தப் பக்கம் போறதே இல்ல, பாசாருக்குப் போனாலும் சுத்திதான் போவாரு.

அதனால நான் கேக்கறது ரெண்டு விஷயம். ரோடு எப்படி, முட்டி வலியோட ஒருத்தர் அந்தக் கடற்கரை வரைக்கும் போய் வர முடியுமா. இன்னொண்ணு, அந்த மக்களோட எடங்கள வெளியாளுங்க போய்ப் பாக்கலாமா, இல்ல பாக்கறதே தப்பா. அப்பா கேக்கறதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லணும்.

பர்னி அக்கா:

தங்கச்சி, நான் காப்பார்ல பொறந்தவ, இப்ப ஆறு வருஷமா பர்னில இருக்கேன், அந்தப் பக்கம் நாலஞ்சு தடவ போயிருக்கேன். அப்பாவ தாராளமா கூட்டிட்டு வா.

லான்செஸ்டன்லேர்ந்து பர்னி ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, பர்னிலேர்ந்து ஸ்மித்தன் இன்னொரு ஒரு மணி நேரம். ஸ்மித்தன்தான் கடைசி பெரிய கடைத்தெரு, எண்ணெய் ஊத்துறது சாமான் வாங்குறது மருந்து வாங்குறது எல்லாம் அங்கயே முடிச்சிரு, அதுக்கப்புறம் மராவாவும் ஆர்தர் ரிவரும் சின்னச் சின்ன ஊரு. ஆர்தர் ரிவர் வரைக்கும் நல்ல தார் ரோடுதான், சாதாரண காடியே போதும், நம்ம ஊரு மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும் அதனால பயப்பட ஒண்ணும் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் கார்டினர் பாயின்ட்னு ஒரு எடம் இருக்கு, உலகத்தோட விளிம்புன்னு பலகை வச்சிருப்பாங்க, அங்கேர்ந்து மேற்கால பாத்தா தென் அமெரிக்கா வரைக்கும் வெறும் தண்ணி. காடிய நிறுத்திட்டு கொஞ்ச தூரம் நடந்தாலே நீ சொன்ன அந்த வெள்ளை மரமும் ஆரஞ்சு பாறையும் வந்துரும். ஆரஞ்சு கலர் பெயின்ட் இல்ல கல்லோட கலரும் இல்ல, பாறைமேல வளர்ற ஒரு வகைப் பாசி மாதிரி உயிர், அப்பாவ அதுமேல கால் வைக்காம பாத்துக்கச் சொல்லு.

காத்து பயங்கரமா அடிக்கும். ஜனவரி அவங்களுக்கு கோடைன்னாலும் நம்ம ஒடம்புக்கு அது குளிர்தான், காலைல பத்துப் பதினஞ்சு டிகிரி இருக்கும், மழை சொல்லிட்டு வராது. கம்பளித் தொப்பி, காதுக்கு மப்ளர், காத்து புகாத ஜாக்கெட், இந்த மூணும் அப்பாவுக்கு கட்டாயம். போன்ல லைன் பாதி எடத்துல கெடைக்காது, மேப்ப முன்னாடியே எறக்கி வச்சுக்கணும்.

சாயந்தரம் இருட்டறதுக்குள்ள தங்குற எடத்துக்கு வந்துரு. வாலபின்னு சின்னக் கங்காரு, டாஸ்மேனியன் டெவில் எல்லாம் பொழுது சாஞ்சா ரோட்டுக்கு வரும், அடிபட்டு செத்துக் கெடக்கறத பாக்கறப்ப வயித்தக் கலக்கும். டெவிலுக்கு ஏற்கனவே மூஞ்சில வர்ற ஒரு புத்துநோய் பரவி எண்ணிக்கை ரொம்பக் கொறைஞ்சிருச்சு, நம்ம காடியும் சேந்து ஒண்ணக் கொல்ல வேணாம்.

சாப்பாட்டு விஷயம் ஒண்ணு. அப்பாவுக்காக கருவேப்பிலை, ஊறுகா, கருவாடுன்னு கட்டிட்டு வருவ, எனக்குத் தெரியும். மெல்பர்ன்ல எறங்குறப்பவே எல்லாத்தையும் பாரத்துல எழுதிக் காட்டு, பச்சைக் கருவேப்பிலை கொண்டு வரவே வராத. மறைச்சா அபராதம் பெருசு. அங்க தப்பிச்சாலும் டாஸ்மேனியா ஏர்போர்ட்ல மறுபடி நாய் வச்சு மோந்து பாப்பாங்க, மெல்பர்ன்ல வாங்குன ஆப்பிள் கூட உள்ள விடமாட்டாங்க.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி. பொதுவா போற கடற்கரை, பலகை வச்ச நடைபாதை, இதுக்கெல்லாம் போலாம். ஆனா மராவாவுக்கு வடக்கால ப்ரெமிங்கானான்னு ஒரு எடம் இருக்கு, பாறையில வட்டம் வட்டமா செதுக்கி வச்சிருக்காங்க, அது 1995ல அந்த மக்களுக்கே திருப்பிக் கொடுத்த நிலம். அவங்க சம்மதம் இல்லாம உள்ள போகக் கூடாது, வேலி இல்லையேன்னு நடந்து போறது ஒருத்தங்க வீட்டுக்குள்ள நுழையற மாதிரி. அந்தப் பாறையில கொஞ்சத்த 1960கள்ல ரம்பம் போட்டு அறுத்து எடுத்துட்டுப் போய் மியூசியத்துல வச்சிருந்தாங்க. பல வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் 2022ல அது சொந்த எடத்துக்குத் திரும்புச்சு. அதுக்கு முந்தின வருஷம் 2021 பிப்ரவரில அந்த மியூசியமும் டாஸ்மேனியா ராயல் சொசைட்டிங்கற அறிவியல் சங்கமும் செஞ்சதுக்கெல்லாம் அந்த மக்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க.

லங்காட் ஆத்தோரம்:

மகளே, உன் அப்பா கேட்ட கேள்விய படிச்சதுலேர்ந்து எனக்கு வேற வேலை ஓடல. நான் அந்த ஊருக்கெல்லாம் போனதில்ல. ஆனா நான் பொறந்து வளந்தது கேரித் தீவு, உங்க பந்திங்லேர்ந்து எவ்ளோ தூரம். அதனால சிப்பி மேட்டப் பத்தி இல்ல, பக்கத்துல இருக்கறவங்களப் பத்தி எழுதறேன்.

தீவுல மா மெரின்னு பூர்வகுடி மக்கள் இருக்காங்க, சுங்கை பும்பூன் கம்போங்கப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், மரத்துல மூஞ்சி செதுக்குவாங்க, அந்த மூஞ்சிய மாட்டிக்கிட்டு ஆடுவாங்க, நீப்பா ஓலையும் பண்டான் ஓலையும் பின்னுறதுல அவங்க பொம்பளைங்கள யாரும் மிஞ்ச முடியாது. செதுக்குறதுக்கு நீரே பாத்துன்னு ஒரு மரம் வேணும், அது கண்டல் காட்டுல வர்றது, காடு கொறையக் கொறைய மரமும் கொறையுது. சின்ன வயசுல எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, பூர்வகுடிங்க எல்லாரையும் ஒராங் அஸ்லின்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிருவோம்.

எனக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும், பசங்க நாலு பேரு நண்டு புடிக்கப் போனோம். தண்ணி வத்துன சேத்துல மரக்கால் நட்டு ஒரு சின்ன மேடை மாதிரி கட்டி ஓலையெல்லாம் தொங்க விட்டிருந்தாங்க. நாங்க அதுல ஏறி உக்காந்து ஆட்டிட்டிருந்தோம். ஒரு கெழவர் வந்தாரு. அடிக்கல, திட்டல. மலாய்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, உங்க சாமி மேல நான் ஏறி உக்காந்தா உங்க அப்பா என்ன செய்வாருன்னு. நாங்க எறங்கி வந்துட்டோம். அது கடலுக்குப் பூசை போடற எடம், அவங்க மோயாங்குக்கு, முன்னோருக்கு, வருஷா வருஷம் அங்க படையல் வைப்பாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி எங்க மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தக் கெழவர் வந்து ஓரமா நின்னு பாத்தத நான் பாத்திருக்கேன், செருப்பக் கழட்டி கையில வச்சுக்கிட்டு நின்னாரு, அவருகிட்ட யாரும் கழட்டச் சொல்லல.

இன்னொண்ணும் சொல்லணும், இது எனக்குள்ள ரொம்ப நாளா கெடக்கு. அந்தத் தீவுக்கு கேரின்னு பேரு வந்ததே ஒரு வெள்ளைக்காரத் தொரையோட பேரால. அவரு தோட்டம் போட்டாரு, காட்ட அழிச்சாரு. யார வச்சு அழிச்சாரு? நம்ம தாத்தாக்கள வச்சுதான். கூலிக்கு வந்தவங்க, கப்பல்ல கொண்டு வந்து எறக்குனவங்க, வேற வழியில்லாதவங்க, எல்லாம் சரி. ஆனா பாராங் கத்தி புடிச்ச கை நம்ம கை, வெட்டுன காடு அவங்க காடு. நம்ம மேடு போச்சுன்னு நாம அழுவறோம், அழ வேண்டியதுதான், எங்க தோட்டத்துலயும் போச்சு. அவங்களுக்குப் போனதுல நம்ம பங்கும் இருக்கு. உன் அப்பா அந்தக் கரையில போய் நிக்கறப்ப இந்த ரெண்டும் அவருக்குத் தெரியும், காலைல ஆளுங்களக் கணக்கெடுக்கற பெரட்டுக் களத்துல நின்ன ஆளுக்கு நான் சொல்லித் தர வேணாம்.

பாக்கலாமான்னு கேட்டியே, பாக்கலாம். எங்க கால் வைக்கறோம்னு தெரிஞ்சு பாக்கணும். ஒரு சிப்பியக் கூட எடுத்துட்டு வராதீங்க.

ஹைலக்ஸ் கிள்ளான்:

நான் போயிருக்கேன், மெல்பர்ன் கூட்டாளிங்களோட ஃபோர் வீல் எடுத்துக்கிட்டு அந்தக் கரையில தெக்கால இருக்கற சாண்டி கேப் வரைக்கும் போலாம்னு. அங்க ஓட்டுறதுக்கு ஆர்தர் ரிவர்ல இருக்கற ரேஞ்சர் ஆபீஸ்ல பாஸ் வாங்கணும், அத வாங்குனோம், மேப்பும் கொடுத்தாங்க, எந்தத் தடத்துல போலாம் எதுல போகக் கூடாதுன்னு தெளிவா சொன்னாங்க. அப்பாவோட போறவங்க இந்தப் பக்கம் வேணவே வேணாம் சிஸ்டர், கடற்கரை மணல் பாக்க கெட்டியா இருக்கும், உள்ள பொதைமணல், தார்ன்டன் ஆத்துப் பக்கம் வண்டி முழுசா உள்ள போயி அப்படியே விட்டுட்டு வந்த கதையெல்லாம் இருக்கு. எங்க வண்டியும் அச்சு வரைக்கும் எறங்கிருச்சு, அலை ஏறிட்டு வருது, இன்னொரு குடும்பம் வந்து கயிறு கட்டி இழுத்து விட்டாங்க, இல்லனா போயிருக்கும்.

ஒரு எடத்துல பாதை முடிஞ்சிருச்சு, முன்னாடி போனவங்க டயர் தடம் புல்லு மேட்டு மேல ஏறிப் போச்சு, நாங்களும் அது மேலயே ஏறிட்டோம். ஏறி எறங்குனதுக்கு அப்புறம்தான் பாத்தேன், டயர் கிழிச்ச எடத்துல மண்ணு இல்ல, எல்லாம் சிப்பி, கருப்பு மண்ணுக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா அடுக்கு அடுக்கா, ஒடைஞ்சு பொடியா கெடக்கு. எனக்கு அப்ப அது என்னன்னு தெரியாது. ராத்திரி தங்குன எடத்துல ஒரு பெரியவர் கிட்ட போட்டோ காட்டுனேன், அவரு சொன்னதுக்கப்புறம் தூக்கம் வரல. லங்காட் ஐயா எழுதுனத படிச்சதும் அதே ராத்திரி மறுபடி வந்துச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும், எங்கள இழுத்து விட்ட அந்தக் குடும்பம் நல்லவங்க. அவங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்க தகரக் கொட்டாய் போட்டு மீன் புடிக்க வர்றாங்களாம், அந்தக் கரைமேல அவங்களுக்கு உசுரு. தடத்த மூடுனா எங்களையும் வெளிய தள்ளுற மாதிரின்னு அவரு சொன்னப்ப எனக்கு பதில் சொல்லத் தெரியல.

பர்னி அக்கா:

தம்பி, மறைக்காம எழுதுனதுக்கு நன்றி. இங்க இருக்கறவங்க அந்தக் கரைய நேசிக்கறது நெசம்தான், நான் ஒத்துக்கறேன். ஆனா அந்த மேடு ஒருக்கா ஒடைஞ்சா திரும்பக் கட்ட முடியாது, கொட்டாய வேற எடத்துல போட்டுக்கலாம். 2012ல அரசாங்கமே சில தடங்கள மூடுச்சு. 2013ல அந்தக் கரை தேசிய பாரம்பரியப் பட்டியல்ல ஏறுச்சு, சுமார் 21,000 ஹெக்டர், கடல் ஓரமா ரெண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு நீளமா போகும். அடுத்து வந்த அரசாங்கம் தடத்த மறுபடி தெறக்கப் பாத்தப்ப பூர்வகுடி மக்களோட அமைப்பு கோர்ட்டுக்குப் போயி நிறுத்துனாங்க, மத்திய அரசு சட்டப்படி அனுமதி வாங்காம தெறக்க முடியாதுன்னு 2016ல கோர்ட்டு சொல்லிருச்சு.

பட்டியல்ல ஏத்துனதுக்குக் காரணமே அந்த மேடுதான். சுமார் 1,900 வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு 1830கள் வரைக்கும் அங்க ஒரு தனி வாழ்க்கை இருந்திருக்கு. குளிர் தாங்குற மாதிரி கவுத்து வச்ச பானை மாதிரி குடிசை, வருஷத்துல பெரும்பகுதி ஒரே எடத்துல இருந்திருக்காங்க. பொம்பளைங்க அந்த ஐஸ் தண்ணிக்குள்ள முங்கி அபலோன் சிப்பி எடுத்துட்டு வருவாங்களாம். கூழாங்கல்லு கரையில குழி தோண்டி அதுல ஒளிஞ்சு கெடந்து கடல் நாய் வேட்டை ஆடியிருக்காங்க, அந்தக் குழி இன்னும் இருக்கு. சிப்பி மேடுன்னா குப்பைன்னு நெனைக்கறவங்க இருக்காங்க. ஒரு கிராமம் ரெண்டாயிரம் வருஷம் சமைச்சு சாப்ட்ட அடுப்பங்கரை அது.

தங்கச்சி, அந்த வாழ்க்கை எப்படி முடிஞ்சுச்சுன்னும் அப்பா கேப்பாரு, அதையும் சொல்லிரு. வடமேற்கு மூலையில கேப் கிரிம்னு ஒரு முனை. லண்டன்ல 1825ல ராஜா பட்டயம் வாங்குன ஆட்டுப்பண்ணைக் கம்பெனி ஒண்ணு அங்க வந்துச்சு, 1828 பிப்ரவரி 10ஆம் தேதி அந்தக் கம்பெனி மேய்ப்பனுங்க நாலு பேரு, கடல் ஓரமா சாப்பாடு தேடிட்டிருந்த மக்கள சுட்டுக் கொன்னாங்க, 30 பேருன்னு எழுதி வச்சிருக்காங்க. மிச்சம் இருந்தவங்கள வேற தீவுக்குக் கொண்டு போய் அடைச்சாங்க. 1976லேர்ந்து அதே முனையில உலகத்துலயே சுத்தமான காத்து அளக்குற நிலையம் இருக்கு, டூரிஸ்டுங்களுக்கு அத மட்டும்தான் சொல்லுவாங்க.

நிபோங் திபால்:

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். சிப்பி மேடு பாக்க டாஸ்மேனியா வரைக்கும் போறதுக்கு முன்னாடி அப்பாவ எங்க பினாங்குப் பக்கம் கூட்டிட்டு வாங்க. கெப்பாலா பத்தாஸ் கிட்ட குவார் கெப்பான்னு ஒரு ஊரு, பேருலயே கெப்பா, சிப்பி இருக்கு. அங்க பெரிய பெரிய சிப்பி மேடு இருந்துச்சு, சுண்ணாம்புக்காக தோண்டித் தோண்டியே அழிச்சிட்டாங்க. 2017ல மிச்சம் இருந்ததுல ஒரு பொம்பளையோட எலும்புக்கூடு கெடைச்சுச்சு, ஐயாயிரம் வருஷத்துக்கு மேல ஆவுதுன்னு சொல்றாங்க. முன்னாடி வெள்ளைக்காரங்க தோண்டி எடுத்த எலும்பெல்லாம் நெதர்லாந்துல லைடனுக்குப் போயிருச்சு. பர்னி அக்கா அந்த அறுத்த பாறை திரும்பி வந்துச்சுன்னு எழுதுனப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் அந்த மேட்டுக்குப் பக்கத்துல வேலை பாத்தேன், பத்து வருஷம் தெரியாமயே தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்.

தோட்டத்துப்பொண்ணு, பந்திங்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ராத்திரி சாப்ட்டதுக்கு அப்புறம் ஒண்ணு விடாம அப்பாவுக்கு படிச்சுக் காட்டுனேன், லங்காட் ஐயா எழுதுனத மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாரு. பாராங் புடிச்ச கைன்னு வந்த எடத்துல தன் கையப் பாத்துக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, அவரு சின்னப் பையனா இருந்தப்ப ஒராங் அஸ்லிங்க தோட்டத்துக்கு தேனும் பெத்தாய்க் காயும் கொண்டு வந்து அரிசிக்கு மாத்திட்டுப் போவாங்களாம், அவங்க எங்கேர்ந்து வர்றாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையேன்னு.

அப்ப இப்ப அந்த மக்கள் யாரும் இல்லையான்னும் கேட்டாரு. தம்பி போன்ல இருந்தான், அவன் சொன்னான், அப்படித்தான் ரொம்ப நாளா பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்களாம். ட்ருகனினின்னு ஒரு அம்மா 1876ல எறந்தப்ப கடைசி ஆளுன்னு எழுதிட்டாங்க, என்னைய மலைக்குப் பின்னாடி பொதைச்சிருங்கன்னு அவங்க கெஞ்சியும் கேக்காம எலும்ப எடுத்து மியூசியத்துல நிக்க வச்சிருந்தாங்க, 1947 வரைக்கும் ஜனங்க பாத்துட்டுப் போயிருக்காங்க. 1976லதான் அவங்க மக்களே எரிச்சு சாம்பல கடல்ல கரைச்சாங்க. கரைச்சது அவங்க மக்கதானே, அப்புறம் எப்படி கடைசி ஆளுன்னு அப்பா கேட்டாரு. ஆமாப்பா, இன்னைக்கு ஆயிரக்கணக்குல இருக்காங்க, என் கிளாஸ்லயே ஒரு பொண்ணு இருக்கா, அவங்க பாஷைய மறுபடி சேத்து எடுத்து பிள்ளைங்களுக்குக் கத்துக் கொடுக்கறாங்க, டாஸ்மேனியாவுக்கு அவங்க பேரு லுத்ருவிட்டான்னு தம்பி சொன்னான். அப்பா அத ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தாரு.

அதனால இப்படி முடிவு பண்ணியிருக்கோம். ஃபோர் வீல் கிடையாது. ஆர்தர் ரிவர்ல ரெண்டு ராத்திரி, கார்டினர் பாயின்ட் வரைக்கும் மட்டும். ப்ரெமிங்கானாவுக்கு அந்த மக்களே கூட்டிட்டுப் போனா போவோம், இல்லனா இல்ல. அதுக்கு முன்னாடி வர்ற ஞாயிறு கேரித் தீவுக்குப் போறோம், பக்கத்துலயே இருந்தும் அப்பா அந்தக் கம்போங்குக்குள்ள போனதே இல்லையாம். ஐயா, நீங்க இப்பவும் அந்தப் பக்கம்தான் இருக்கீங்கன்னா வர முடியுமா? அப்பா கேக்கச் சொன்னாரு. வெறுங்கையோட போகக் கூடாது, என்ன வாங்கிட்டுப் போறதுன்னும் கேக்கச் சொன்னாரு.

லங்காட் ஆத்தோரம்:

வர்றேன் மகளே. காலைல எட்டு மணிக்கு பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற சாயாக் கடையில பசியாறிட்டு சேந்து போவோம். அரிசி, சீனி, காப்பித்தூள் போதும். செதுக்குன சாமான் ஏதாச்சும் புடிச்சா பேரம் பேசாம வாங்கிக்கச் சொல்லு அப்பாவ.